கராஜ் கேள்வி–பதில்: மொரிஸ் மைனருக்கு வேறு மொடலின் டிஃப்ரன்ஷல்

மைனரின் பின் அக்சிலில் இன்னொரு காரின் டிஃப்ரன்ஷலை (புரொப்பெல்லர் ஷாப்ட் என்ற நீளத் தண்டு கொண்டுவரும் சுற்றைப் பின் சில்லுகளுக்குக் கொடுக்கும் கியர்த் தொகுதி, சுருக்கமாக டிஃப்) போடலாமா என்று கேட்ட கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கே முதலிடம். கடைசியில் ஒரு லாண்ட் ரோவர் கடிதமும், ஜப்பான் அக்சில் பற்றிய ஒரு கடிதமும் உண்டு.

கேள்வி: என்னுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி எஞ்சின். ஏ9 வீதியில் 70இல் போகும்போதே எஞ்சின் கத்துகிறது. எம்ஜி மிட்ஜெட்டின் டிஃப் போட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக் பாஸ். பொருந்துமா? – க. சி., கோப்பாய்

பொருந்தும். மைனர் 1000, ஒஸ்ரின் ஏ35, ஏ40 ஃபரீனா, ஸ்பிரைட், மிட்ஜெட் எல்லாவற்றுக்கும் மொரிஸ், ஒஸ்ரின் கார்களைச் செய்த பிஎம்சி நிறுவனம் ஒரே குடும்ப அக்சிலையே போட்டது. முன்பக்கமாகக் கழன்று வரும் டிஃப் தலை (கியர்கள் எல்லாம் சேர்ந்த பகுதி) ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். ஆனால் பொருந்துவது வேறு, உங்கள் காருக்கு ஏற்றது வேறு. முதலில் கணக்கைப் பாருங்கள்.

டிஃப்பின் உள்ளே இருக்கும் பெரிய பற்சில்லான கிரவுண் வீலின் பல் எண்ணிக்கையை, அதைச் சுற்றும் சிறிய பற்சில்லான பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. உங்கள் 948இல் இருக்க வேண்டியது 41க்கு 9, அதாவது 4.55. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனர் காருக்கு 38க்கு 9 கொடுத்தார்கள், அது 4.22. ஸ்பிரைட்டிலும் மிட்ஜெட்டிலும் 1968 வரை அதே 4.22, பிறகு 39க்கு 10, அதாவது 3.9. 1500 சிசி மிட்ஜெட்டின் கடைசிக் காலத்தில் 41க்கு 11, அதாவது 3.73.

ரயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீற்றர் உருள்கிறது என்று வைத்தால், டொப் கியரில் எஞ்சின் 1000 தடவை சுற்றும்போது 4.55இல் கார் மணிக்கு 23.7 கிலோமீற்றர் போகும். 4.22இல் 25.6, 3.9இல் 27.7, 3.73இல் 29. நீங்கள் சொல்லும் 70இல் உங்கள் எஞ்சின் இப்போது 2950 அளவில் சுற்றுகிறது. 4.22 போட்டால் 2730, 3.9 போட்டால் 2530. சும்மா கிடைக்கும் இலாபம் போலத்தான் தெரியும்.

ஆனால் சில்லுக்கு வரும் இழுவை அதே விகிதத்தில் குறையும். 4.55இலிருந்து 4.22க்குப் போனால் ஏறத்தாழ 7 சதவீதம் இழப்பு, 3.9க்குப் போனால் 14 சதவீதம், 3.73க்கு 18. 948 எஞ்சின் புதிதாக இருந்தபோதே 37 குதிரை வலுதான். யுத்தகாலத் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடித் தேய்ந்த எஞ்சினாக இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் சாமானும் ஏற்றி, எதிர்க்காற்றில் கிளிநொச்சி தாண்டும்போது 3.9 போட்ட 948 டொப் கியரில் வேகத்தைப் பிடித்து வைக்காது. மூன்றாவதுக்கு இறக்க வேண்டி வரும். மூன்றாவதில் போனால் எஞ்சின் பழையபடி கத்தும். செய்த வேலைக்குப் பலன் இல்லை.

ஆகவே 948க்கு 4.22 போதும். 1098க்கு, யாழ்ப்பாணம், வவுனியா, அனுராதபுரம் என்று சமதரையிலேயே ஓடும் காரென்றால், 3.9 நன்றாக இருக்கும். 3.73 என்பது 1275 எஞ்சின் போட்டவர்களுக்கு. நகருக்கு வெளியே காருக்கு வேக எல்லையே 70 தான் என்பதையும் மறக்க வேண்டாம். அதிவேகப் பாதைக்கு அடிக்கடி போகாதவர் 3.73 தேடி அலைவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. 948இன் முன் பிரேக் டிரம் 7 அங்குலம். 1098இல் 8 அங்குலம். வேகமாக ஓட்டத்தான் இந்த வேலை என்றால், காசை முதலில் 8 அங்குல பிரேக்கில் போடுங்கள்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடையில் மூன்று டிஃப் தலைகள் பார்த்தேன். எல்லாம் "மிட்ஜெட்" என்றார் கடைக்காரர். எதை நம்பி வாங்குவது? – ம. இ., வெள்ளவத்தை

பெயரை விடுங்கள், பல்லை எண்ணுங்கள். கிரவுண் வீலில் ஒரு பல்லுக்குச் சோக்கட்டியால் கோடு போட்டுச் சுற்றி எண்ணவும். 38 என்றால் 4.22, 39 என்றால் 3.9. 41 வந்தால் நில்லுங்கள்: 4.55க்கும் 41, 3.73க்கும் 41. பினியன் பல் 9ஆ 11ஆ என்று பார்த்தால்தான் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3.73 என்று வாங்கிக்கொண்டு போனதும், வீட்டில் காரிலிருந்து கழற்றி வைத்திருப்பதும் ஒரே 4.55ஆக இருக்கும்.

காரில் பூட்டியிருக்கும் டிஃப்பைப் பார்க்க: கியரை நியூட்ரலில் விட்டு ஹாண்ட்பிரேக்கை எடுங்கள். முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கி, மற்றது தரையில் இருக்கட்டும். தூக்கிய சில்லைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். இன்னொருவர் புரொப்பெல்லர் ஷாப்டின் சுற்றை எண்ணட்டும். ஒரு சில்லு நிற்பதால் 20 சுற்று என்பது கிரவுண் வீலுக்கு 10 சுற்று. ஷாப்ட் 45 அரை சுற்றினால் 4.55, 42 சொச்சம் என்றால் 4.22, 39 என்றால் 3.9, 37ஐக் கொஞ்சம் தாண்டினால் 3.73.

ரேஷியோ சரி என்றான பின் தேய்வைப் பாருங்கள். பினியன் ஃபிளாஞ்சை (புரொப்பெல்லர் ஷாப்ட் வந்து பூட்டும் தட்டு) பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். துளியும் ஆடக்கூடாது, ஆடினால் பினியன் பெயரிங் போய்விட்டது. பல்லின் முகத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். படி போலத் தட்டுப்பட்டாலோ, புள்ளிப் புள்ளியாகப் பொரிந்திருந்தாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ வேண்டாம். உள்ளே இருக்கும் சிறிய கியர்களை அசையுங்கள்; அவற்றின் பின்னால் உள்ள திரஸ்ட் வொஷர் தேய்ந்திருந்தால் லொடலொடக்கும். அதற்கு மட்டும் பயப்பட வேண்டாம். வொஷர் மலிவு, மாற்றலாம். ஆனால் அந்தக் கியர்கள் ஓடும் குறுக்குப் பின் (சிறு இரும்புத் தண்டு) கூட்டின் ஓட்டையைத் தின்றிருந்தால் கூடு முழுவதும் வீண்.

மிட்ஜெட்டின் முழு அக்சிலையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். அது மைனரின் அக்சிலைவிட ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் ஒடுக்கம். உங்களுக்குத் தேவை தலை மட்டும். டிஃப்பிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாப்டும் உங்களுடையதே போதும்.

கேள்வி: தலையை நானே மாற்றலாமா? என்ன ஒழுங்கில் கழற்ற வேண்டும்? – த. ப., மட்டக்களப்பு

காரின் கீழே படுத்து வேலை செய்து பழகியவர் என்றால் ஒரு நாள் வேலை. உடலைத் தாங்குவதற்கு ஜக்கை நம்ப வேண்டாம், இரண்டு ஸ்ராண்ட் வையுங்கள்.

கார் கொஞ்சம் ஓடி ஒயில் சூடாக இருக்கும்போதே அக்சில் ஒயிலை வடியுங்கள். வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்ப்பது நல்லது. வடித்த பின் நிரப்ப வழியில்லாமல் நிற்பதைத் தவிர்க்கலாம். சில்லுகளைக் கழற்றி, பிரேக் அட்ஜஸ்ரரைத் தளர்த்தி, டிரம்மின் இரண்டு ஸ்குரூவையும் எடுத்து டிரம்மை இழுங்கள். அடுத்தது ஹாஃப் ஷாப்டின் ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் ஸ்குரூ. ஐம்பது அறுபது வருட ஸ்குரூ சும்மா திரும்பாது. சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிரைவர் இல்லாமல் தொட்டால் ஸ்குரூவின் தலை உருண்டுவிடும். அது எடுபட்டால் ஹாஃப் ஷாப்ட் நேராக வெளியே வரும். ஹப்பின் நடு நட்டைத் தொடத் தேவையே இல்லை. தொட வேண்டி வந்தால் இடது பக்கத்துக்கு இடப்புரி என்பதை நினைவில் வையுங்கள்.

வெளியே வந்த ஷாப்டின் உள்முனையைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஸ்பிளைன் கோடுகள் (முனையைச் சுற்றி வெட்டிய நீளப் பற்கள்) நேராக ஓட வேண்டும். முனைக்கு அருகே கயிறு முறுக்கியதுபோலச் சரிந்திருந்தால் அந்த ஷாப்ட் இறுதிக்கட்டத்தில் இருக்கிறது. மைனரில் முதலில் உடைவது அதுதான்.

பிறகு புரொப்பெல்லர் ஷாப்ட் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோடு கீறி, நாலு போல்டையும் கழற்றி, ஷாப்டை ஒரு பக்கமாகக் கட்டி விடுங்கள். தலையைச் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றும்போது மேலே இரண்டை நுனியில் விட்டு வையுங்கள். தலை கனம், திடீரென்று நெஞ்சில் விழக்கூடாது. அடியில் பலகை வைத்த டிரொலி ஜக்கைக் கொடுத்து, முன்பக்கமாக இழுத்து எடுங்கள்.

அக்சில் கூட்டின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் நன்றாகத் துடையுங்கள். அக்சிலின் மேல் இருக்கும் மூச்சுத் துவாரத்தையும் கம்பி விட்டுத் திறந்து விடுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே சூடேறும் காற்று ஒயிலை சீலைத் தாண்டித் தள்ளி பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். "டிஃப் மாற்றினேன், பிரேக் பிடிக்கவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பாதி இதுதான். மீதி, ஹாஃப் ஷாப்டைத் திருப்பிப் பூட்டும்போது பழைய காகித கஸ்கட்டையே போட்டதால்.

பூட்டும்போது தலைக்குப் புது கஸ்கட், முகத்தில் மெல்லிய சீலன்ட் பூச்சு, நட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்குதல். ஒயில் ஈபி 90 ஹைபொயிட், ஏறத்தாழ 0.85 லீற்றர், கார் மட்டமாக நிற்கும்போது நிரப்பும் துவாரத்தின் விளிம்புக்கு வந்தால் போதும். மிச்சமிருக்கும் 90 ஒயிலைக் கியர்பொக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், மைனர் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான். 500 கிலோமீற்றர் ஓடியதும் அக்சில் ஒயிலை ஒரு தடவை வடித்து மாற்றுங்கள். புதுத் தலையோடு வந்த பழைய அழுக்கு அதில் இறங்கிவிடும்.

கேள்வி: மிட்ஜெட் தலை வாங்கினேன். புரொப்பெல்லர் ஷாப்டின் போல்ட் ஓட்டைகள் அதன் ஃபிளாஞ்சோடு ஒத்து வரவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கலாமா? – செ. ர., திருகோணமலை

கூடாது. ஓட்டை அரை மில்லிமீற்றர் தள்ளினாலே ஷாப்ட் நடுவிலிருந்து விலகி, 60இல் கார் முழுவதும் நடுங்கும். உங்கள் பழைய தலையில் இருக்கும் ஃபிளாஞ்சை எடுத்துப் புதியதில் பூட்டுங்கள். ஆனால் அந்த நடு நட்டைத் திருப்புவதற்கு முன் உள்ளே எந்த ஸ்பேசர் என்று தெரிய வேண்டும்.

பழைய தலைகளில் பினியன் பெயரிங்குகளுக்கு இடையில் கெட்டியான ஸ்பேசரும் சிம்களும் (மெல்லிய தகட்டு வளையங்கள்) இருக்கும். அதில் கவலை இல்லை; நட்டை 140 இறாத்தல் அடிக்கு, அதாவது 190 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினால் போதும். பிந்திய தலைகளில் நசுங்கும் ஸ்பேசர். அது ஒரு முறை நசுங்கிய அளவிலேயே பெயரிங்கின் இறுக்கம் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நீளக் குழாய் போட்டு இறுக்கினால் இன்னும் நசுங்கி, பெயரிங் இறுகி, முதல் பயணத்திலேயே கொதிக்கும். பின்னர் நட்டைத் தளர்த்தினாலும் நசுங்கியது திரும்பாது. புது ஸ்பேசர் போட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

எது என்று தெரியாவிட்டால் நசுங்கும் ஸ்பேசர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் நட்டின் ஒரு மூலையிலும் அதற்கு நேரே பினியன் நுனியிலும் பொட்டுக் குத்தி, நட்டு முழுதாகக் கழல எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். ஃபிளாஞ்சை மாற்றி, அதே சுற்று, அதே பொட்டு வரை மட்டும் கொண்டுவாருங்கள். இரண்டு ஃபிளாஞ்சின் கழுத்து நீளமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வழி, அளந்து பாருங்கள். பினியன் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முழுத் தலை விலை கூட. கிரவுண் வீலையும் பினியனையும் மட்டும் என் டிஃப் தலைக்குள் மாற்றினால் மிச்சமாகாதா? டிஃப்பின் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாமா? – அ. ஜோ., மன்னார்

ஆகாது. அந்த இரண்டும் தொழிற்சாலையில் சோடியாகத் தேய்த்து இணக்கப்பட்டவை. சோடி பிரியாமல் எடுத்தாலும், உங்கள் கூட்டில் பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், கிரவுண் வீல் எவ்வளவு கிட்ட வர வேண்டும் என்பதைச் சிம் போட்டுப் புதிதாக அமைக்க வேண்டும். பல் இடைவெளி எவ்வளவு என்பது கிரவுண் வீலின் முதுகில் பொறித்திருக்கும்; அதை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் நிற மை பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, விழும்வரை திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டும். சரியாகச் செய்யத் தெரிந்தவரின் கூலி முழுத் தலையின் விலையைத் தாண்டும். தெரியாதவர் செய்தால் 50இல் ஊளை தொடங்கும். முழுத் தலையாக மாற்றுவதால்தான் இது மலிவான வேலை.

சத்தம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அக்சிலரேற்றர் மிதிக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளை வந்தால் பல் இணக்கம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பெயரிங். புறப்படும்போது ஒரு "டொக்" என்றால் திரஸ்ட் வொஷர் அல்லது குறுக்குப் பின்; ஆனால் அதற்கு முன் புரொப்பெல்லர் ஷாப்டின் யூனிவர்சல் ஜொயின்றைப் பாருங்கள், பல தடவை குற்றவாளி அதுதான்.

கேள்வி: 948 மைனருக்கு 3.9 போட்டேன். நுவரெலியா போகும் வழியில் ரம்பொடை வளைவுகளில் இரண்டாவது கியர் இழுக்கவில்லை, முதலாவது விழவில்லை. கியர்பொக்ஸ் பழுதா? – வி. கோ., கண்டி

கியர்பொக்ஸ் நல்லது. மைனரின் முதலாவது கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே கியர் கடிக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, எந்த வருட மொடலிலும் இல்லை. 4.55இல் இரண்டாவது கியர் அந்த வளைவை எடுத்திருக்கும், 3.9இல் 14 சதவீதம் போனதால் இடையில் செத்துவிடுகிறது. ஓடிக்கொண்டே முதலாவதுக்கு இறக்கப் பார்த்தால் பல்லைக் கடிக்கும். நின்று போட்டால் ஏற்றத்தில் கிளச்சை எரித்துத்தான் கிளம்ப வேண்டும். கண்டியில் இருந்துகொண்டு, கடுகண்ணாவையும் ரம்பொடையும் தினசரி வழி என்றால், உங்கள் பழைய தலையைத் தேடிப் பிடித்துத் திருப்பிப் போடுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் 4.22. அதற்கு மேல் வேண்டாம்.

இதே காரணத்தால், 803 சிசி சீரிஸ் 2 மைனருக்கு டிஃப் மாற்றலாமா என்று கேட்ட மாத்தளை வாசகருக்கும் சொல்கிறோம்: உங்களுடைய 5.3 அளவான டிஃப்பை விட்டால் 4.55 வரைதான். 30 குதிரை வலுவுக்கு அதற்கு மேல் சுமை தாங்காது. ஆரம்ப சீரிஸ் 2இலும் அதற்கு முந்திய சீரிஸ் எம்எம் மைனரிலும் அக்சிலே வேறு வகை. இந்தத் தலை அதில் ஏறாது. வாங்குமுன் உங்கள் அக்சிலைப் பாருங்கள்.

கேள்வி: டிஃப் மாற்றிய பின் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்கிறது. பெற்றோலும் மிச்சமாகவில்லை. – நா. கு., வவுனியா

மைனரின் ஸ்பீடோ கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது, டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. 4.55இலிருந்து 4.22 என்றால் காட்டுவதை 1.08ஆல் பெருக்குங்கள், 3.9 என்றால் 1.17, 3.73 என்றால் 1.22. 3.9 போட்ட காரில் முள் 60இல் நிற்கும்போது உண்மையில் 70. பொலிஸ் கருவியில் விழுவது உண்மை வேகம்தான். ஸ்பீடோ முகத்தின் கீழே சிறிதாக ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுற்று என்பது. உங்கள் எண்ணை மேலே சொன்ன அளவால் வகுத்து, கிட்டத்தட்ட அந்த எண் உள்ள மீற்றரைத் தேடிப் போடலாம், அல்லது மீற்றர் திருத்துபவரிடம் அந்த எண்ணைச் சொல்லி அமைப்பிக்கலாம்.

பெற்றோல் மிச்சமாகவில்லை என்பதில் பாதி இந்த மீற்றரின் வேலை. ஓடிய தூரத்தையும் அது குறைத்தே காட்டும். தூரத்தைத் திருத்தி மறுபடி கணக்குப் போடுங்கள். அதன் பிறகும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெற்றோல் மிச்சம் வேண்டுமென்றால் காபரேற்றரும் பிளக்கும் டைமிங்கும் பார்த்த பிறகுதான் டிஃப்.

கேள்வி: தோட்டத்து சீரிஸ் 3 லாண்ட் ரோவர், 88 அங்குலம். பின்னால் மட்டும் டிஸ்கவரியின் டிஃப் போட்டிருக்கிறோம். முன்னுக்கும் கட்டாயமா? – சு. மு., ஹட்டன்

கட்டாயம். அதுவரை ஃபோர் வீல் லீவரைத் தொடவே வேண்டாம். சீரிஸ் டிஃப் 4.7, டிஸ்கவரி டிஃப் 3.54. முன் சில்லும் பின் சில்லும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு வித்தியாசமான வேகத்தில் சுற்றப் பார்க்கும். காய்ந்த தார் வீதியில் லீவரைப் போட்டால் சில மீற்றருக்குள் ஹாஃப் ஷாப்டோ டிரான்ஸ்ஃபர் பொக்ஸோ போகும். லோ ரேஞ்ச் (கூடிய இழுவைக்கான தாழ் கியர் நிலை) போட்டாலும் முன் சில்லு தானாகச் சேர்ந்துவிடும் என்பதால் அதையும் தொட முடியாது. தோட்ட வழியில் லோ ரேஞ்ச் இல்லாத லாண்ட் ரோவர் எதற்கு?

முன்னுக்கும் 3.54 போடுவதென்றால் 10 ஸ்பிளைன் உள்ளதையே எடுங்கள். பிந்திய டிஸ்கவரிகளில் 24 ஸ்பிளைன், உங்கள் ஷாப்ட் உள்ளே போகாது. 109 அங்குல சீரிஸ் 3இன் பின்னால் இருப்பது சோல்ஸ்பரி அக்சில், அதற்கு இந்த வழியே இல்லை. ஆனால் ஹட்டனில் கொழுந்து மூட்டை ஏற்றும் வண்டிக்கு நாங்கள் சொல்வது 4.7ஐ இரண்டு பக்கமும் திருப்பிப் போடச் சொல்லித்தான். கொழும்புப் பயணத்துக்காக உயர் கியர் வேண்டுமென்றால் பழைய ஃபெயரி ஓவர் டிரைவ் (கூடுதலாகப் பூட்டும் உயர் கியர்) தேடுங்கள். வேண்டியபோது போட்டு, ஏற்றத்தில் எடுத்துவிடலாம்.

கேள்வி: நிசான் சனி பி310இன் முழு அக்சிலையும் மைனருக்குப் போடலாமா? – பெயர் வேண்டாம், நெல்லியடி

போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது டிஃப் மாற்றுவதல்ல, வெல்டிங் வேலை. ஸ்பிரிங் அமரும் தட்டுகளை வெட்டி மைனரின் அளவுக்கு மாற்றி, பினியனின் சாய்வு பழையபடி வரப் பார்த்து ஒட்ட வேண்டும். சில்லு ஸ்ரட் வட்டம் (சில்லுப் போல்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) மைனரில் 101.6 மில்லிமீற்றர், சனியில் 114.3, முன்னுக்கு ஒரு ஸ்பெயார் சில்லு, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு காவ வேண்டும், அல்லது முன் ஹப்பையும் மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்டை வெட்டி பலன்ஸ் பண்ண வேண்டும். ஹாண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், பின் சிலிண்டர் அளவு எல்லாம் வேறு. எஞ்சினும் சனியுடையது என்றால் யோசிக்கலாம். 1098ஐ வைத்துக்கொண்டு இதைச் செய்வதற்கு, ஒரு நல்ல 3.9 தலையும் இரண்டு புது ஹாஃப் ஷாப்டும் வாங்கினால் செலவு குறைவு, கார் மைனராகவே இருக்கும்.